கோறணமெந்துக் கோழிகளின் சங்கம்

யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் ராசாவில் தொடங்குவார்கள். ஆரியச்சக்கரவர்த்தி நல்லூரில் இருந்தார், நந்திக்கொடி பறந்தது, 1619-ல் போர்த்துக்கேயர் வந்தார்கள், சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள் என்று நாலு பக்கம் எழுதிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கதை தொடங்குவதே அங்கேதான். ராசா போய்க் கொஞ்சக் காலத்துக்குள் போர்த்துக்கேயர் தோம்பு எழுத ஆரம்பித்தார்கள். இந்தக் காணி ஆருடையது, எத்தனை பரப்பு, இறை எவ்வளவு என்று கேள்வி. லிஸ்பனிலிருந்து கப்பலேறி வந்தவனுக்குப் பனைக்கும் தென்னைக்கும் வித்தியாசம் பிடிபடவே ஒரு மாரி போயிருக்கும். பக்கத்தில் எழுத்தாணியோடு குந்தியிருந்து சொல்லிக்கொடுக்க உள்ளூர்க் கணக்கப்பிள்ளை இல்லாமல் அந்தக் காரியம் ஓர் அங்குலம் நகர்ந்திராது.

சங்கிலியனுக்கு நல்லூரில் குதிரையும் வாளுமாகச் சிலை வைத்திருக்கிறார்கள். கணக்கப்பிள்ளைக்கு ஒரு கல்லும் இல்லை. ஆனால் 1658-ல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரைக் கலைத்தபோதும், 1795-ல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரைக் கலைத்தபோதும், கோட்டை வாசலில் நின்று, "ஐயா, தோம்பு இஞ்சை பத்திரமாய் இருக்கு" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். கொடி மூன்று தரம் மாறியது. கொப்பி கைமாறவில்லை.

அந்தக் கணக்கப்பிள்ளையின் வாரிசுகள்தான் கிளாக்கர்மார். பிறகு அரசாங்கம் அவர்களை எழுதுவினைஞர் என்றது, பின்னாளில் முகாமைத்துவ உதவியாளர் என்றது. பெயர் நீண்ட அளவுக்குச் சம்பளம் நீளவில்லை. குடாநாட்டின் கடைசி நானூறு வருஷத்தை உண்மையில் நடத்தியவர்கள் இவர்கள்தான் என்பது என் கட்சி. கடவுள், சாம்ராச்சியம், புரட்சி, எதுவாயிருந்தாலும் ஒரு பைல் திறந்து, ஒரு காரியதரிசியைத் தெரிந்து, சந்தாவுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்தால் சமாளித்துவிடலாம் என்பது இவர்களுடைய சமயம். சைவமும் வேதமும் அதற்குப் பிறகுதான்.

இனி டைக் துரை. பேர்சிவல் அக்லண்ட் டைக் 1829-ல் யாழ்ப்பாணத்துப் பொறுப்பை ஏற்றார்; 1867-ல் கோப்பாயில் கண்ணை மூடும்வரை இந்தப் பக்கத்துக்கு அவர்தான் எல்லாம். வெள்ளைக்காரரே அவரை 'வடக்கின் ராசா' என்றார்கள். கச்சேரியடியில், அதாவது அரசாங்க நிர்வாகக் கந்தோரடியில், இன்றும் இருக்கிற பழைய பூங்கா அவர் உண்டாக்கியது. நல்ல மனிசன், கடும் உழைப்பாளி என்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். துரை மரம் நடுகிறார், குதிரையில் ஊர் பார்க்கிறார், கொழும்புக்கு அறிக்கை போகிறது. அந்த அறிக்கைக்கு வேண்டிய விபரத்தை விதானையிடம் கறந்து, உடையாரிடம் சரிபார்த்து, மணியகாரரின் கோபத்தைத் தணித்து, அழகான கையெழுத்தில் மூன்று பிரதி எடுத்து மேசையில் வைத்தவர் ஆர்? ராசாவுக்குப் பூங்கா. கிளாக்கருக்குக் கண்ணாடி.

இந்தக் கிளாக்கரை ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்யும் திட்டம் அரசாங்கத்தினுடையது அல்ல. பாவம், கடவுளுடைய ஆட்களுடையது. 1816-ல் அமெரிக்க மிஷனரிமார் வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தை யேசுவிடம் சேர்ப்பது அவர்கள் எண்ணம். 1823-ல் வட்டுக்கோட்டையில் டானியல் பூவர் தலைமையில் செமினரி திறந்தார்கள். உள்ளூர்ப் பொடியளை உபதேசிமாராக்க வேண்டும். உபதேசிக்கு நல்ல அறிவு வேண்டும். ஆகவே ஆங்கிலம், கேத்திரகணிதம், தர்க்கம், வானசாஸ்திரம் என்று ஒன்றும் விடாமல் படிப்பித்தார்கள். எமேர்சன் ரெனன்ற் என்ற பெரிய உத்தியோகத்தர் வந்து பார்த்துவிட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு இது குறைந்ததில்லை என்று எழுதினார். யாழ்ப்பாணத்தாரும் முழு ஒத்துழைப்புத் தந்தார்கள். சாப்பாட்டு மணிக்கும் சரி, செப மணிக்கும் சரி, பொடியள் வரிசையில் நின்றார்கள். படிப்பு முடிந்தது. உபதேசியாக வாருங்கள் என்று மிஷன் துரை கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் கச்சேரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு நின்றார்கள். உபதேசிச் சம்பளத்துக்கும் அரசாங்கச் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணிக்க அவர்களுக்குக் கணிதம் படிப்பித்தது ஆர்? மிஷன்தான்.

அமெரிக்காவிலிருந்து ரூபஸ் அண்டர்சன் என்ற மேலதிகாரி வந்து விசாரித்தார். காசு எங்களுடையது, பிள்ளைகள் அரசாங்கத்துக்கா என்ற கேள்விக்கு ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. 1855-ல் செமினரியைப் பூட்டிவிட்டார்கள். பூட்டி இரண்டு வருஷத்தில், 1857-ல், சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பீ.ஏ. சோதனையை வைத்தது. தேறியவர்கள் இரண்டு பேர்: கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இரண்டு பேரும் வட்டுக்கோட்டைச் சரக்கு. தாமோதரம்பிள்ளை தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த மகான். தமிழ் உள்ளளவும் அவர் பெயர் இருக்கும். வயிற்றுப்பாட்டுக்கு எங்கே இருந்தார் தெரியுமா? சென்னை அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்குக் கந்தோரில். முதல் பட்டதாரியே இந்தப் பாதையைக் காட்டிவிட்டுப் போனபிறகு மற்றவர்களைக் குறை சொல்லி என்ன?

"கோழி மேய்ச்சாலும் கோறணமெந்திலை மேய்க்கவேணும்" என்று எங்கள் கிழவிகள் சொன்னது இந்தக் காலத்தில்தான் நன்றாக ஊறியது. கோறணமெந்து என்றால் கவர்மென்ட். கலியாணப் பேச்சில் அது எப்படி வேலை செய்யும் என்றால்:

"பொடியன் ஆள் எப்பிடி?"

"கச்சேரியிலை கிளாக்கர், அண்ணை."

"நான் கேட்டது குணம் நடையை."

"பென்சன் உள்ள உத்தியோகம் எண்டுறன், நீங்கள் குணத்தைக் கேக்கிறியள்!"

பெண்ணின் தகப்பன் அதோடு அடங்கிவிடுவார். வளவும் வீடும் கிணற்றில் பங்கும் எழுதப்படும். எழுதுவதும் இன்னொரு கிளாக்கர்தான்.

குடாநாட்டில் கச்சேரி ஒன்று, கோடும் தபாற் கந்தோரும் கொஞ்சம். இங்கிலிஷ் படித்துவிட்டு நிற்கிற பொடியளோ ஒவ்வொரு ஒழுங்கையிலும் பத்துப் பேர். மிச்சத்தை என்ன செய்வது? நல்ல வேளை, வெள்ளைக்காரன் மலாயாவில் காட்டை வெட்டிக்கொண்டிருந்தான். 1885-ல் தைப்பிங்கிலிருந்து போட்வெல்டுக்கு முதல் ரயில் ஓடியது. ரயில் ஓட நிலக்கரி வேண்டும், தண்டவாளம் வேண்டும். ஆனால் அதைவிட முக்கியமாக, நிலக்கரி எவ்வளவு எரிந்தது என்று எழுதி வைக்க ஆள் வேண்டும். கூட்டற்கழித்தல் தெரியவேண்டும், இங்கிலிஷ் தெரியவேண்டும், குடிக்காமலிருந்தால் விசேஷம். சாய்மனைக் கதிரையிலிருந்து அப்புமார் எழும்பினார்கள், காணியை ஈடு வைத்தார்கள், மகனைக் கப்பலேற்றினார்கள். கொஞ்ச வருஷத்துக்குள் மலாயாவில் ஸ்ரேஷன் மாஸ்ரர், நில அளவைக் கந்தோர், திறைசேரி, பொது வேலைப் பகுதி என்று எங்கே தட்டினாலும் உள்ளிருந்து யாழ்ப்பாணத்துத் தமிழ் கேட்டது. மாதம் பிறந்தால் மணியோடர் வந்தது. சுண்ணாம்புக் கல்லில் மண் வீடு போய்க் கல்வீடு எழும்பியது புகையிலையால் மட்டுமல்ல. கோலாலம்பூரில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையிலும் லெட்ஜரைத் திறந்து வைத்திருந்ததால்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் மிச்ச நேரத்தை என்ன செய்தார்கள்? சங்கம் வைத்தார்கள். சிலாங்கூர் இலங்கைத் தமிழர் சங்கம் 1900-ல் தோன்றியது. பெயரில் கிளாக்கர் என்ற சொல்லே கிடையாது, ஆனால் நாற்காலியில் இருந்தவர்களை எழுப்பிவிட்டுப் பார்த்தால் கந்தோர்கள் பாதிக்கு மேல் வெறிச்சோடிவிடும். உலகத்தில் மற்றச் சங்கங்கள் தலைமையகத்தைத் தொடங்கிப் பிறகு ஊர் ஊராகக் கிளை திறக்கும். எங்கள் ஆட்கள் ஊரில் ஒன்றும் தொடங்காமல் ஆயிரத்துக்கு மேற்பட்ட மைலுக்கு அப்பால் போய்க் கிளையை முதலில் திறந்தார்கள். தலைமையகம் ஆச்சியின் அடுப்படியில் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கட்டளை அங்கிருந்துதான் கடிதமாக வரும்.

அப்படியொரு கூட்டத்தைக் கற்பனை செய்வது ஒன்றும் கஷ்டமில்லை, ஏனென்றால் நூறு வருஷமாக அது மாறவில்லை. இடம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டேர்ஸ் என்று வைப்போம். பின்னேரம் நாலு மணி. வந்தவர்கள் வேட்டி, கோட்டு, சிலர் தலைப்பாகை. காரியதரிசி சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிக்கிறார். நாள் முழுக்க மற்றவனுடைய கடிதத்தில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் வரியில் ஒருவர் எழும்புகிறார். "தலைவர் அவர்களே, அந்த இடத்திலை கொமா வரவேணும்." இன்னொருவர் கொமா வராது என்கிறார். வாக்கெடுப்பு. கொமா இரண்டு வாக்கால் வெல்கிறது. தோற்றவர் தன் எதிர்ப்பைக் குறிப்பில் எழுதும்படி கேட்கிறார், எழுதப்படுகிறது, அதில் எங்கே கொமா வரும் என்று மறுபடி. ஐந்தரைக்குச் சென்ற கூட்ட அறிக்கை பிரேரிக்கப்பட்டு ஆமோதிக்கப்படுகிறது. வடையும் தேத்தண்ணியும். பிறகு தனாதிகாரி கணக்கை வைக்கிறார். இரண்டு சதம் இடிக்கிறது. அந்த இரண்டு சதத்தைத் தேடி ஒன்றரை மணித்தியாலம். தனாதிகாரி கடைசியில் தன் சட்டைப்பையிலிருந்து இரண்டு சதத்தை எடுத்து வைக்கிறார். அது ஒழுங்கீனம் என்று கணக்காய்வாளர் மறுத்துவிடுகிறார். இவர்களிடம் சாம்ராச்சியத்தின் திறைசேரியை ஒப்படைத்துவிட்டு வெள்ளைக்காரன் ஏன் நிம்மதியாக நித்திரை கொண்டான் என்று இப்போது விளங்கும்.

படம் எடுப்பது தனி அத்தியாயம். முன்வரிசையில் கதிரை ஒன்பது, பதவி பதினாலு. போசகர்மார் இருவரைக் கழித்துவிட முடியாது, அவர்கள்தான் காசு தந்தவர்கள். உபதலைவர் மூன்று பேரில் ஆர் நிற்பது? அந்தக் காலச் சங்கப் படங்களை எடுத்துப் பாருங்கள். நடுவில் மாலையோடு இருப்பவர் தலைவர், அவர் சிரிக்கிறார். ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்காமல் நிற்பவர் காரியதரிசி. முழு வேலையும் அவருடையது.

1914-ல் கோலாலம்பூரில் தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் ஒன்றும் தொடங்கினார்கள். காலை எட்டு முதல் நாலரை வரை ஒரே கதிரையில் இருந்த வர்க்கம் ஒன்று உடம்பை வளர்க்க முடிவு செய்து, அதற்கு முதலில் ஒரு யாப்பு எழுதியதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அமெரிக்காவில் கந்தோர்ச் செயலாளர்களுக்கென்று கான்சாஸ் சிட்டியில் தேசியச் சங்கம் ஏற்பட்டது 1942-ல். சிலாங்கூருக்கு நாற்பத்திரண்டு வருஷம் பிந்தி. பத்து வருஷம் கழித்து அவர்கள் செயலாளர் வாரம் என்று ஒன்றையும் கொண்டுவந்தார்கள். அந்த வாரத்தில் துரைமார் பூங்கொத்துக் கொடுப்பார்களாம். எங்கள் கிளாக்கருக்கு வீடு வளவே கிடைத்தது. பூவை வைத்து என்ன செய்வது?

மலாயாக் கிளாக்கர்மார் எல்லோரும் கொமாவோடு மல்லுக்கட்டிக்கொண்டே செத்துவிட்டார்கள் என்று நினைக்கக்கூடாது. சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்த ஆர். முத்தையா 1907-ல் கப்பலேறினார். முதலில் ரயில்வே, பிறகு ஒரு தனியார் கம்பனி. சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கணக்கும் கற்றுத் தேறினவர். நாள் முழுக்க இங்கிலிஷில் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் தமிழுக்கு மெசின் இல்லையே என்று அவருக்கு அரித்தது. இங்கிலிஷுக்கு எழுத்து இருபத்தாறு. எங்களுக்கு 247. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை வைத்தால் ரைப்ரைட்டர் ஒரு கட்டில் அளவு வரும். தட்டுகிறவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடக்கவேண்டும். முத்தையா எழுத்துகளைப் பிரித்துப் பார்த்தார். புள்ளி, விசிறி, கொம்பு, அரவு எல்லாம் தனித்தனியாகக் கழன்றன. அதிலே மிகப் பெரிய கெட்டித்தனம் நகராத கட்டை. புள்ளிக் கட்டையை அடித்தால் கடதாசி அசையாது. அதற்குப் பிறகு எழுத்தை அடித்தால் அது புள்ளிக்குக் கீழே போய் உட்காரும். அதாவது 'க்' எழுத வேண்டுமென்றால் முதலில் தலைக்கு மேல் புள்ளி, பிறகு ககரம். தொல்காப்பியர் இதை முன்பே பார்த்திருந்தால் ஒரு சூத்திரம் கூட்டியிருப்பார், அல்லது மயங்கி விழுந்திருப்பார். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து சைடல் அன்ட் நௌமான் கம்பனி அவருடைய மெசினைச் செய்து கொடுத்தது. 'பிஜோ' என்று கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ரகமும் வந்தது. தமிழ்நாட்டு அரசாங்கக் கந்தோர்களிலே பின்னாளில் தமிழ் தடதடவென்று ஓடிய பாதைக்கு முதற்கல் போட்டவர்களில் ஒருவர் இந்தக் கோறணமெந்துக் கோழி. அதைச் செய்யும்படி எந்தச் சங்கமும் அவருக்குத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. நிறைவேற்றியிருந்தால் இன்றைக்கும் உபகுழு கூடிக்கொண்டிருக்கும்.

ஊருக்குத் திரும்புவோம். 1905-ல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ரயில்பாதை முழுமையாக இணைந்ததும் கிளாக்கர் ஏற்றுமதிக்கு இன்னொரு துறைமுகம் கிடைத்தது. கொழும்பில் அவர்கள் இருந்த இடம் சமறி. ஐந்தாறு பொடியள் சேர்ந்து ஒரு வீட்டை எடுப்பது, ஒரு சமையற்காரனை வைப்பது, மாதமுடிவில் செலவைப் பிரிப்பது. இதை ஒரு குடித்தனம் என்று நினைத்தால் தவறு. சமறிக்கு ஒரு தலைவர், ஒரு கணக்குக் கொப்பி, வாரத்துக்கு ஒருவர் சந்தைக்கு. "பதினேழாந் திகதி தேங்காய் மூண்டு எண்டு கிடக்கு. அண்டைக்கு இரவு சொதியே வைக்கேல்லை!" என்று ஒருவர் தொடங்கினால் விசாரணைக் கமிஷன் அமர்ந்துவிடும். ஆறு பேருடைய தேங்காய்ச் செலவுக்கே இவ்வளவு நடைமுறை இருந்தால், நாடு முழுக்க இருக்கும் கிளாக்கர்மாருக்குச் சங்கம் வராமல் இருக்குமா? 1920-ல் அரசாங்க எழுதுவினைஞர் சேவைச் சங்கம் வந்தது. ஜி.சி.எஸ்.யு. என்றால்தான் கந்தோரில் விளங்கும். சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லோரும் ஒரே லெட்ஜரில்.

இந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் செய்த காரியம் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. க. மு. செல்லப்பா நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். தன் வீட்டில் சில புத்தகங்களை வைத்துக்கொண்டு 1933-ல், யாழ்ப்பாணத்துக்கு எல்லோருக்கும் இலவசமான ஒரு நூலகம் வேண்டும் என்று வேண்டுகோள் விட்டார். கூட்டம் கூடியது. பெரிய மனிசர் தலைமைக் கதிரையில் இருந்தார்கள்; கடிதம் எழுதியதும் காசு சேர்த்ததும் எந்தக் கதிரை என்று உங்களுக்குத் தெரியும். 1934 ஓகஸ்ட் முதலாந் திகதி ஆசுப்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 புத்தகங்களோடு திறந்தார்கள். அடுத்த வருஷமே நகரசபை பொறுப்பேற்றது. அந்த 844 வளர்ந்து ஏறக்குறைய 97,000 ஆகி இருந்தபோது, 1981-ல், எரித்தார்கள். அந்த இடத்தில் மட்டும் எனக்குப் பகிடி வராது.

1947-க்கு வருவோம். அதுவரை கிளாக்கர் வேலைநிறுத்தம் செய்வான் என்று ஒருவரும் கனவிலும் காணவில்லை. வேலை நிறுத்துவதற்கும் மேலதிகாரியின் அனுமதிக் கடிதம் கேட்பான் என்றுதான் நினைத்தார்கள். அரசாங்க ஊழியருக்கு அரசியல் கூடாது, அவர்களுடைய சங்கம் மற்றத் தொழிற்சங்கங்களோடு சேரக்கூடாது என்ற சட்டங்களுக்கு எதிராக அவர்கள் அந்த வருஷம் இறங்கினார்கள். ஜி.சி.எஸ்.யு. தலைவர் டி. பி. இலங்கரத்ன வேலையை இழந்தார். யூன் 5-ம் திகதி கொழும்பில் ஊர்வலத்தின்மேல் பொலிஸ் சுட்டதில் கந்தசாமி என்ற கிளாக்கர் இறந்தார். சிங்களத் தோழர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். அவர் தமிழர் என்று அன்றைக்கு ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. இலங்கரத்ன பிறகு அமைச்சராகி, 1961-ல் மக்கள் வங்கியைத் தொடக்கி வைத்தார். வேலை போன கிளாக்கர் நாட்டுக்கே ஒரு வங்கி திறந்த கதை இதுதான். துரைமார் எவரும் இப்படி ஒன்றைச் செய்து காட்டவில்லை.

1956 ஏப்ரல் 23-ல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. ஒரே பகலில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம். கிளாக்கர் வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஞாயிறு இரவு திரும்பலாம்; ஒடியலும் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் திங்கள் காலை சமறிக்கு வந்துவிடும். அதிலிருந்து ஆறு கிழமை கழித்து, யூன் 5-ம் திகதி, சிங்களம் மட்டும் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் வைத்தார்கள். கிளாக்கருக்கு ரயிலைத் தந்த கையால் வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் அதே திகதியில் கந்தசாமி விழுந்ததை நினைத்தவர்கள் கொழும்பில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஜி.சி.எஸ்.யு.வின் ஒரே லெட்ஜர் அதோடு இரண்டாகக் கிழிந்தது. தமிழ்க் கிளாக்கர்மார் அரசாங்க எழுதுவினைஞர் சங்கம் என்று தனியே அமைத்தார்கள்.

1961 பெப்ரவரி 20-ல் அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரியை மறித்துச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கச்சேரியை மறிப்பதென்றால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று இதுவரை வாசித்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாசலில் படுத்திருந்தவர்கள் பலருடைய மருமகனோ மச்சானோ உள்ளே போக வேண்டிய கிளாக்கர். மாமனைத் தாண்டிப் போவது மரியாதையில்லை. போகாவிட்டால் வரவுக் கொப்பியில் சிவப்புக் கோடு. பலர் நாவற்குழிப் பக்கத்துச் சொந்தக்காரருக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாகக் கடிதம் கொடுத்திருப்பார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம் இப்படிப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் ஆகப் பெரிய சாட்சியம். மற்ற நாட்டுப் புரட்சிக்காரர் ரேடியோ நிலையத்தைப் பிடிப்பார்கள், ஆயுதக் களஞ்சியத்தை உடைப்பார்கள், அரண்மனைக் கதவைத் தட்டுவார்கள். யாழ்ப்பாணத்துப் புரட்சி ஒரு தபாற் கந்தோர் திறந்தது. 1961 ஏப்ரல் 14-ல், வருஷப் பிறப்பு நேரம், தமிழரசுத் தபால் சேவை ஆரம்பம். சொந்த முத்திரை, சொந்தத் தபாலட்டை. அறுபத்துமூன்று வயது இராணி அப்புக்காத்து எஸ். ஜே. வி. செல்வநாயகம் தபாலதிபராக இருந்து முத்திரை விற்றார். சனம் முண்டியடித்தது. அதிகாரத்தை எதிர்ப்பதென்று முடிவெடுத்தபோதும் எங்கள் ஆட்களுக்குக் கைவந்தது கவுண்டருக்குப் பின்னால் இருந்து மிச்சக்காசு எண்ணிக் கொடுப்பதுதான். அரசாங்கம் இதைக் கண்டு சிரிக்கவில்லை. ஏப்ரல் 17-ல் அவசரகாலச் சட்டம், இராணுவம், தலைவர்கள் பனாகொடை முகாமுக்கு. துவக்குக்குப் பயப்படாத அரசாங்கமும் இன்னொருவன் முத்திரை அடித்தால் நடுங்கும் என்பதை யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் அறிந்து வைத்திருந்தான், அல்லது தற்செயலாகக் கண்டுபிடித்தான்.

அந்த வருஷம் டிசம்பரில் திறைசேரி ஒரு சுற்றறிக்கை விட்டது, 560-ம் இலக்கம். சிங்களச் சோதனை எழுதித் தேறாத உத்தியோகத்தருக்கு வருடாந்தச் சம்பள உயர்வு நிற்கும். செல்லையா கோடீஸ்வரன் 1952-ல் சேவையில் சேர்ந்த கிளாக்கர். சோதனைக்குப் போகவில்லை. 1962-ல் அவருடைய இன்கிறிமென்ட் நின்றது. ஒரு கிளாக்கரிடமிருந்து நிலத்தை எடுக்கலாம், கொடியை எடுக்கலாம், மனிசியைக் கோபப்படுத்தலாம். இன்கிறிமென்டில் மட்டும் கைவைக்கக்கூடாது. சங்கம் பின்னால் நிற்க, அவர் முடிக்குரிய அரசாங்கத்தின்மேல் வழக்கு வைத்தார். தமிழரின் மொழியுரிமைக்காக இலங்கை நீதிமன்றங்களில் நடந்த ஆகப் பெரிய வழக்கின் தொடக்கம், இடையிலே விழுந்துபோன ஒரு சம்பளப் படி.

1964-ல் கொழும்பு மாவட்ட நீதிபதி டி கிறெற்சர், சிங்களம் மட்டும் சட்டம் அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த 29-ம் பிரிவுக்கு முரண், செல்லாது என்று தீர்த்தார். நாடு அதிர்ந்தது. அரசாங்கம் மேன்முறையீட்டுக்குப் போனது. 1967-ல் உயர்நீதிமன்றம் மொழிப் பிரச்சினையைத் தொடவேயில்லை. முடியின் வேலையாள் சம்பளத்துக்காக முடிமேல் வழக்கு வைக்கமுடியாது, ஆகவே கோடீஸ்வரன் போகலாம் என்றது. பெரிய கேள்வியை ஒரு சின்னக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பும் இந்தக் கலையைக் கச்சேரிகளில் எங்கள் ஆட்களே வளர்த்துவிட்டவர்கள். அது தங்கள் தலையிலேயே வந்து விழுந்தபோது கொஞ்சம் மெச்சியுமிருப்பார்கள். அடுத்தது லண்டன். 1969 டிசம்பர் 11-ல் பிரிவிக் கவுன்சில் சார்பில் டிப்ளொக் பிரபு தீர்ப்புச் சொன்னார். இலங்கையில் நடப்பது உரோமன்-டச்சுச் சட்டம். அதன்படி அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்கு வழக்காடலாம். தோம்பும் கந்தோரும் தந்துவிட்டுப் போன ஒல்லாந்தன் நூற்றெழுபது வருஷம் கழித்துக் கிளாக்கருக்குச் சம்பளப் பாக்கியையும் வாங்கிக் கொடுக்க வந்தான்.

மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்வியை டிப்ளொக் பிரபு கொழும்புக்கே திருப்பி அனுப்பினார், உங்கள் நீதிமன்றம் முதலில் சொல்லட்டும் என்று. கொழும்பு சொல்லவில்லை. 1971-ல் பிரிவிக் கவுன்சிலுக்குப் போகிற வழியையே மூடினார்கள். 1972 மே 22-ல் புது அரசியலமைப்பு வந்தது. 29-ம் பிரிவு அதில் இல்லை. அந்தப் பைல் இன்றைக்கும் 'நடவடிக்கைக்காக' என்றே கிடக்கிறது.

தீர்ப்பின் மற்றப் பாதி மட்டும் நிலைத்தது. அரசாங்க ஊழியர் சம்பளத்துக்கு வழக்கு வைக்கலாம் என்பதற்கு இலங்கையில் இன்றும் காட்டப்படுவது கோடீஸ்வரன் வழக்கு. காலியிலும் மாத்தறையிலும் அநுராதபுரத்திலும் இருக்கிற அரசாங்கக் கிளாக்கர் ஒவ்வொருவருக்கும் அந்த உரிமை உண்டு, அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்துக்கு ஒரு சதம் சந்தா கட்டாமலே. பழைய தனாதிகாரி ஒருவர் அகப்பட்டால் இதை அவரிடம் சொல்லாதீர்கள்; நிலுவைப் பட்டியல் போடத் தொடங்கிவிடுவார்.